பழைய பேப்பர் என்று போட்டுவிடாதீர்கள்



இந்த மாதம் என்னுடைய சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியே தொடங்குகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களில் ஒருவராவது அதே தவறைச் செய்யாமல் இருந்தால் போதும் என்று எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். பெருநாள் வருகிறதென்றால் வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்வது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே. பரணில் என் மூத்தவாப்பாவின் றங்குப் பெட்டி ஒன்று கிடந்தது. அதை இறக்கித் திறந்தால், சணல் கயிற்றால் கட்டிய பத்திரிகைக் கட்டுகள். மஞ்சள் நிறம்கூட இல்லை, தேயிலைச் சாயம் போல் பழுப்பு. தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. பூச்சி வேறு.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் போத்தல் பேப்பர்காரரின் குரல் கேட்டது. கூப்பிட்டேன். சாக்கில் போட்டு, தராசில் நிறுத்து, காசை எண்ணித் தந்துவிட்டுப் போனார். அந்தக் காசில் வட்டிலப்பத்துக்கு முட்டை வாங்கினேன் என்பது இன்றும் ஞாபகம். “அதை மூத்தவாப்பா ஒருத்தரையும் தொட விடமாட்டாரே மகள்” என்று உம்மா மெல்லச் சொன்னார்கள். “இந்தக் குப்பையை இன்னும் எத்தனை காலத்துக்கு வைத்திருப்பது உம்மா?” என்று கேட்டு வாயடைத்தேன்.

சில வருடங்கள் கழித்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளின் படிப்பு எப்படித் தொடங்கியது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. “உங்கள் மூத்தவாப்பா, ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினாராமே. அந்த இதழ்கள் வீட்டில் இருக்கிறதா ராத்தா?” என்று கேட்டாள். அவர் அப்படி எழுதியதே எனக்குத் தெரியாது. எழுதியதை இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படி அறிந்ததில் சிலவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய பத்திரிகை ஏன் இப்படி உதிர்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து கடதாசி செய்தார்கள். அது நெடுங்காலம் தாங்கும். பிறகு மரக்கூழில் மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள். மரக்கூழில் உள்ள பொருள்கள் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அமிலமாகி, கடதாசியை உள்ளிருந்தே தின்றுவிடுகின்றன. நம் நாட்டுப் புழுக்கமும் கறையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. எனவே, நாம் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் பத்திரிகைக் கடதாசிக்கு ஒரு தவணை உண்டு. அந்தத் தவணை முடியுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். இதைத்தான் எண்ணிமப்படுத்தல் என்கிறார்கள்.

படம் பிடிப்பதுதானே, அதற்கு ஏன் இலட்சக்கணக்கில் பணம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் பிடிப்பது கடைசி வேலை. அதற்கு முன் கட்டுகளை அவிழ்த்துத் தூசு துடைக்க வேண்டும். திகதி வாரியாக அடுக்க வேண்டும். எந்த இதழ் இல்லை, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். மடிப்புகளை நீவி விரிக்க வேண்டும். படம் பிடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயரும் திகதியும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் படம் இருந்தும் வேண்டியது அகப்படாது. பின்னர் அவற்றை இரண்டு மூன்று இடங்களில் சேமித்து, வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும். இத்தனைக்கும் பழகிய ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு சிறிய வாசிகசாலையாலோ பள்ளிவாசல் நூலகத்தாலோ தனியாகச் சுமக்க முடியாத செலவு இது. அதனால்தான் உலகில் பல இடங்களில் இதற்கென்றே மானியம் கொடுக்கிறார்கள்.

நம் எல்லோருடைய உள்ளத்துக்கும் நெருக்கமான ஓர் இடத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். பைத்துல் முகத்தஸிலுள்ள மஸ்ஜிதுல் அக்ஸாவின் நூலகத்தில் 1900 முதல் 1950 வரையான காலத்துப் பழைய அரபுப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இருந்தன. கடதாசி நொறுங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலகத்தார் லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் ‘அழிவை எதிர்நோக்கும் ஆவணங்கள் திட்டம்’ என்பதற்கு விண்ணப்பித்து மானியம் பெற்றார்கள். அங்கேயே வைத்து, அங்குள்ளவர்களின் கையாலேயே அந்தப் பக்கங்கள் படம் பிடிக்கப்பட்டன.

அவற்றுள் ‘பலஸ்தீன்’ என்னும் பத்திரிகையும் ஒன்று. 1911ஆம் ஆண்டு யாபா நகரில் ஈஸா அல்-ஈஸா, யூசுப் அல்-ஈஸா என்னும் இரு அரபுக் கிறிஸ்தவ உறவினர்கள் தொடங்கிய பத்திரிகை அது. 1948இல் யாபா மக்கள் வீடு வாசலை விட்டுப் போக நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டை இழந்தவர்கள் சாவியை வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, என்ன விற்றது, ஊரில் எதற்காகச் சண்டை பிடித்தார்கள், எதற்காகச் சேர்ந்து நின்றார்கள் என்பதற்கெல்லாம் சாவி எது? அந்தப் பத்திரிகைப் பக்கங்கள்தான். “அப்படி ஓர் ஊரே இருக்கவில்லை” என்று எவராவது சொன்னால், எடுத்துக் காட்டுவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது.

இந்தத் திட்டம் 2004இல் தொடங்கியது. ஆர்க்கேடியா என்னும் அறநிதியம் பணம் கொடுக்கிறது. அதன் நிபந்தனைகளை வாசித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. மூலப் பிரதி தன் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. படங்களின் ஒரு தொகுதி உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் இருக்க வேண்டும், இன்னொன்று பிரித்தானிய நூலகத்துக்குப் போகும். ஆராய்ச்சிக்காக எவரும் இலவசமாகப் பார்க்கலாம். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நம் ஏடுகளைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். இன்று பொருள் நம்மிடமே இருக்க, பிரதி மட்டும் போகிறது. இது பெரிய வித்தியாசம் அல்லவா?

இன்னும் பெரிய அளவில் நடந்தது அமெரிக்காவில். 2005 முதல் அங்கே மானிடப் பண்பியலுக்கான தேசிய நிதியம் என்னும் அரச நிறுவனம், காங்கிரஸ் நூலகத்துடன் சேர்ந்து, மாநிலத்துக்கு ஒரு நிறுவனமாகத் தெரிந்தெடுத்துப் பழைய பத்திரிகைகளுக்காக மானியம் வழங்கியது. ஒரு மானியம் இரண்டு வருடத்துக்கு. அதற்குள் ஏறத்தாழ 100,000 பக்கங்கள் முடிக்க வேண்டும். இப்படிச் சேர்ந்தவை 2 கோடிப் பக்கங்களுக்கு மேல். தன் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கிய செய்தியையோ, பாட்டியின் கல்யாண அறிவித்தலையோ ஒரு சாதாரணப் பெண் தன் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் அதே நிதியம், தான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களைத் திடீரென்று நிறுத்தியது. பல துறைகளில் பாதி வேலையில் இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் களவாக ஊடுருவப்பட்டுச் செயலிழந்தன. மேலே சொன்ன திட்டத்தின் படங்களையும் நெடுநாள் பார்க்க முடியாமற் போயிற்று. ஆகவே மானியம் வந்துவிட்டது, கணினியில் ஏறிவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் போகலாம். பல இடத்தில் பிரதி வேண்டும். மூலக் கடதாசியையும் எறிந்துவிடக் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நமக்கு என்ன பழைய பத்திரிகை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள், 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தின் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். நம் சமூகத்துப் பெண்பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்டவர் சித்திலெப்பை. இன்று நீங்கள் இந்தச் சஞ்சிகையைக் கையில் எடுத்து வாசிக்கிறீர்களே, அதற்குப் பின்னால் அந்த மனிதரின் உழைப்பும் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1869இல், பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் கொழும்பில் அரபு எழுத்தில் மலாய் மொழியில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற பத்திரிகையை வெளியிட்டார். மலாய் மொழிப் பத்திரிகைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் நம் கொழும்புக்கு வந்துதான் ஆக வேண்டும்.

இந்த மலாய்ச் சமூகத்தாரிடம் ஒரு பாடம் இருக்கிறது. ரொனிட் ரிச்சி என்ற பெண் ஆய்வாளர் 2010களில், நான் மேலே சொன்ன அதே திட்டத்தின் மானியத்தோடு, இலங்கை மலாய்க் குடும்பங்களிடம் இருந்த கையெழுத்து ஏடுகளையும் பழைய நூல்களையும் எண்ணிமப்படுத்தினார். அவை பத்திரிகைகள் அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். அவை எங்கே இருந்தன தெரியுமா? பெரிய நூலகங்களிலல்ல. வீடுகளில். அலுமாரியில், பெட்டிக்குள், துணியில் சுற்றியபடி. வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும்கூட “இது நம் மூத்தவர்களுடையது” என்று எறியாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் மானியம் வந்தபோது படம் பிடிக்க ஏதோ இருந்தது.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். உலகத்தில் எத்தனை கோடி மானியம் இருந்தாலும், எறிந்துவிட்ட பக்கத்தைப் படம் பிடிக்க எவராலும் முடியாது. பணம் கடைசியில் வருகிறது. அதற்கு முன் ஐம்பது வருடம், நூறு வருடம் யாரோ ஒருவர் அதை வைத்திருக்க வேண்டும். வீட்டில் எதை வைப்பது, எதை வெளியே போடுவது என்று முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் நாம்தானே.

போனது போதாதா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் உடுத்த உடையோடு வந்தார்கள். வீட்டிலிருந்த கடதாசியைப் பற்றி எண்ண யாருக்கு நேரம் இருந்தது? 2004 டிசம்பரில் கிழக்குக் கரையில் கடல் வந்தபோது வீட்டோடு பெட்டிகளும் போயின. தீயாலும் வெளியேற்றத்தாலும் கடலாலும் இழந்ததற்கு நாம் பொறுப்பல்ல. ஆனால் போத்தல் பேப்பர்காரரிடம் நாமே நிறுத்துக் கொடுத்ததற்கு?

நல்ல செய்தியும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் முயற்சி, தொண்டர்களின் உழைப்பாலும் நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்களின் நன்கொடையாலும், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் அதில் உண்டு. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை.

அப்படியென்றால் நாம் செய்யக்கூடியது என்ன? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பழைய கட்டு ஒன்று அகப்பட்டால் முதலில் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள், உதறாதீர்கள். சுத்தமான காய்ந்த கையோடு, மேசையில் பழைய வெள்ளைத் துணியொன்றை விரித்து, அதன்மேல் வையுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடா ஒட்டவே கூடாது. சில வருடத்தில் அந்தப் பசை கறுத்து எழுத்தையும் தின்றுவிடும். லெமினேட் செய்யவும் கூடாது. இறப்பர் வளையம், குண்டூசி, இரும்புக் கிளிப் எதுவும் வேண்டாம். வெயிலில் காயவைக்காதீர்கள். இனியும் மடிக்காமல் தட்டையாக, நிலத்திலிருந்து உயரத்தில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்; கடதாசிப் பெட்டியே நல்லது.

அடுத்து, ஒரு கொப்பியில் பட்டியல் எழுதுங்கள். பத்திரிகையின் பெயர், திகதி, எத்தனை பக்கம், யாருடையது, எப்படி நம் வீட்டுக்கு வந்தது. இது மிக முக்கியம். மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவதே “என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது” என்பதுதான். உங்கள் கொப்பியில் உள்ள ஒரு பக்கம் அவர்களுக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். மூத்தம்மாவோ உம்மாவோ உயிரோடு இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இன்னார் படம், இன்னாருடைய கடை என்று சொல்ல அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறதே, அதைக் கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், நேரே மேலிருந்து, நிழல் விழாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள். இது நிறுவனங்கள் எடுக்கும் படத்துக்கு ஈடாகாது. என்றாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். எடுத்ததைக் கைபேசியில் மாத்திரம் வைத்திராமல் வேறு இரண்டு இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

யாராவது ஆராய்ச்சி என்றோ திட்டம் என்றோ தேடி வந்தால், வரவேற்று உட்காரச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். மூலப் பிரதி எங்களிடம் திரும்பி வருமா? படங்கள் எந்தெந்த இடத்தில் வைக்கப்படும்? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் பார்க்கலாமா? மூன்றுக்கும் தெளிவான பதிலை எழுத்தில் வாங்காமல் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அமானிதம் என்றால் அதற்குக் கணக்கு உண்டு.

ஒரு சிறு எச்சரிக்கையும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளுக்கும் அவர் மறைந்து 70 வருடத்துக்கும் பதிப்புரிமை இருக்கிறது. எனவே அண்மைக்காலச் சஞ்சிகைகளைப் படம் பிடித்து எல்லோருக்கும் பரப்புவதற்கு முன் உரியவர்களின் அனுமதி வேண்டும். பத்திரமாக வைத்திருப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

நம் பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கங்கள், மாதர் அமைப்புகள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒவ்வோர் ஊரிலும் நாலு பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எழுதினால் போதும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மானியம் கொடுக்கிறவர்களின் கதவைத் தட்டலாம். வெறுங்கையோடு போய், “எங்களுக்கும் வரலாறு இருக்கிறது” என்றால் யார் கேட்பார்கள்?

முடிக்குமுன் ஒன்று. அந்த றங்குப் பெட்டியை நான் எறியவில்லை. உடுப்பு வைக்க உதவும் என்று கழுவப்போனபோது, அடித்தட்டில் விரித்திருந்த ஒரு தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. தலைப்பும் திகதியும் கிழிந்துவிட்டன. ஒரு துணிக்கடை விளம்பரமும், எந்த ஊர் என்று தெரியாத ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாச் செய்தியின் பாதியும் மிஞ்சியிருக்கின்றன. மூத்தவாப்பாவின் கடிதம் அதில் இல்லை. அந்தத் தாளைக் கடதாசி உறையில் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவாயில்லை ராத்தா, உங்கள் தெருவில் இன்னும் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்” என்று பதில் எழுதியிருந்தாள்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் தெருவில் நீங்களும் கேளுங்கள். இந்தப் பெருநாளைக்கு வீடு ஒதுக்கும்போது, சாக்கில் போடுமுன் ஒரு தடவை விரித்துப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.